நிழலைப் படிப்பது எவ்வாறு? டிஜிட்டல் எக்ஸ்ரே பற்றி நோயாளர் அறிந்திருக்க வேண்டியவை

நமது அரசாங்க வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவுகளிலும் கிளினிக்குகளிலும் காத்திருப்போரின் கைகளில் பெரிய கபில நிற உறையொன்றைக் காண்பது நெடுநாளைய காட்சி. உறைக்குள் இருப்பது எக்ஸ்ரே படம். சில இடங்களில் அந்த உறையின் இடத்தை இப்போது இறுவட்டு பிடித்துக்கொண்டுள்ளது. வேறு சில இடங்களில் படம் வைத்தியரின் கணினித் திரையில் மாத்திரமே தோன்றுகின்றது. ஆனால் ஒரு நிலைமை மட்டும் இன்னமும் மாறவில்லை. அந்தப் படத்தில் என்ன இருக்கின்றது என்பது பெரும்பாலும் படத்துக்குரியவருக்குத் தெரிவதில்லை.

அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். கிளினிக்கில் வைத்தியர் ஒதுக்கக்கூடிய நேரமோ சில நிமிடங்கள். எனவே நோயாளர் தமது உறவினரிடமோ, மருந்தகத்தில் நிற்பவரிடமோ, அயலில் உள்ள படித்தவரிடமோ விளக்கம் கேட்கின்றார். இதன் விளைவாகச் சிலர் வீண் பீதி கொள்கின்றனர். வேறு சிலரோ, 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம்' என்று ஆறுதல் கொண்டு, உரிய காலத்தில் செய்ய வேண்டிய சிகிச்சையைத் தவறவிடுகின்றனர். இவ்விரண்டில் பின்னையதே அதிக ஆபத்தானது. படத்தை வாசித்து நோயை நிர்ணயிப்பது வைத்தியரின் பணி. அதில் நோயாளர் தலையிட முடியாது. ஆயினும் அந்தப் படம் எவ்வாறு உருவாகின்றது, எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பவற்றை அறிந்த நோயாளர், தம்மைத் தாமே பாதுகாத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

ஐந்து நிழல்கள்

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் பௌதிகவியல் பேராசிரியரான வில்ஹெல்ம் ரொண்ட்ஜன், கண்ணுக்குத் தெரியாத புதிய கதிரொன்றை அவதானித்தார். அதன் இயல்பு அறியப்படாமையால் அதற்கு 'எக்ஸ்' என்று பெயரிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் தமது மனைவியின் கையை அவர் படம் பிடித்தபோது விரல் என்புகளும் மோதிரமும் தெளிவாகத் தெரிந்தன. 1901இல் பௌதிகவியலுக்கான முதலாவது நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. தமது கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற அவர் விரும்பவில்லை. உலகெங்கும் இக்கதிர் விரைந்து பரவியமைக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

எக்ஸ்ரே என்பது உண்மையில் ஒரு நிழற்படமே. உடலின் ஒரு பக்கத்திலிருந்து பாய்ச்சப்படும் கதிர்களில் ஒரு பகுதி உடலினால் உறிஞ்சப்படுகின்றது. எஞ்சியவை மறுபக்கத்தை அடைந்து படத்தைத் தோற்றுவிக்கின்றன. காற்று கதிர்களை ஏறத்தாழத் தடுப்பதில்லை. ஆகையால் காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகத் தெரியும். கொழுப்பு கடும் சாம்பல் நிறமாகவும், தசை, இரத்தம், நீர் என்பன இளஞ்சாம்பல் நிறமாகவும், சுண்ணாம்புச் சத்துள்ள என்பு வெண்மையாகவும், உலோகம் பளிச்சிடும் வெண்மையாகவும் தோன்றும். இந்த ஐந்து நிழல்களின் வேறுபாட்டைக் கொண்டே வைத்தியர் படத்தை வாசிக்கின்றார். கறுப்பாக இருக்க வேண்டிய நுரையீரலில் வெண்படலம் காணப்பட்டால் அங்கு காற்றுக்குப் பதிலாக வேறொன்று புகுந்துள்ளது என்பது தெரிகின்றது. அது சளியா, நீரா, பழைய தழும்பா, கட்டியா என்பதை அந்த ஒரு நிழல் மாத்திரம் எப்போதும் சொல்லிவிடாது.

பிலிமிலிருந்து கணினிக்கு

ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக எக்ஸ்ரே என்றாலே பிலிம்தான். இருட்டறையில் இரசாயனத்தில் கழுவி, உலர்த்தி, வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. 1980களின் முற்பகுதியில் ஜப்பானின் ஃபுஜி நிறுவனம், பிலிமுக்குப் பதிலாக மீண்டும் மீண்டும் பயன்படுத்தக்கூடிய தகடொன்றில் கதிரைப் பதிந்து, அதனை லேசர் கதிரினால் வாசித்துக் கணினிப் படமாக்கும் முறையை அறிமுகஞ்செய்தது. பின்னர் 1990களில், தகட்டை எடுத்துச் சென்று வாசிக்கும் தேவையுமின்றிச் சில விநாடிகளில் நேரடியாகவே படத்தைத் திரைக்கு அனுப்பும் தட்டைத் தகட்டு உணரிகள் வந்தன. இவ்விரு முறைகளையுமே நாம் இன்று 'டிஜிட்டல் எக்ஸ்ரே' என அழைக்கின்றோம். கதிர் பழைய கதிரேதான். அதனைப் பதியும் முறையே மாறியுள்ளது.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மைகள் பல. டிஜிட்டல் படமொன்றில் பெரும்பாலும் 4,096 வரையான சாம்பல் நிறப் படிநிலைகள் பதிவாகின்றன. மனிதக் கண்ணால் அவை அனைத்தையும் ஒரே பார்வையில் பிரித்தறிய முடியாது. ஆனால் கணினியில் வெளிச்சத்தையும் வேறுபாட்டையும் கூட்டிக் குறைத்து, ஒரே படத்தில் முதலில் என்பையும் அடுத்து நுரையீரலையும் தனித்தனியே ஆராய முடியும். சந்தேகத்துக்குரிய இடத்தைப் பெரிதாக்கலாம். முன்னைய படத்தை அருகில் வைத்து ஒப்பிடலாம். தூரத்தில் உள்ள நிபுணருக்கு அதே தரத்தில் அனுப்பி அபிப்பிராயம் பெறலாம். 1993ஆம் ஆண்டு முதல் 'டைகொம்' எனப்படும் பொது நியமமொன்று புழக்கத்தில் உள்ளது. ஒரு நிறுவனத்தின் கருவியில் எடுத்த படத்தை இன்னொரு நிறுவனத்தின் கணினியில் திறக்கக்கூடியதாக இருப்பது இதனாலேயே.

எனினும் அதிகம் பேசப்படாத குறையொன்றும் உண்டு. பிலிம் காலத்தில் கதிரின் அளவு கூடினால் படம் கருகிவிடும். தவறு உடனே வெளிப்படும். டிஜிட்டல் முறையிலோ தேவைக்கு அதிகமான கதிர் பாய்ச்சப்பட்டாலும் கணினி அதனைச் சரிசெய்து அழகிய படமாகவே தருகின்றது. இதனால் காலப்போக்கில் கதிரின் அளவு தம்மையறியாமலே கூடிச் செல்லும் போக்கு ஏற்படலாம் என்பதைக் கதிரியல் துறையினர் நன்கறிவர். இதைக் கண்காணிப்பதற்காக ஒவ்வொரு படத்துடனும் கதிரளவுச் சுட்டெண் ஒன்றும் பதிவாகின்றது. இலங்கையில் கதிர்வீச்சுக் கருவிகளைப் பயன்படுத்தும் நிலையங்கள், 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அமைந்த அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் அனுமதிப்பத்திரத்தைப் பெற்றிருக்க வேண்டும். தனியார் நிலையமொன்றில் எக்ஸ்ரே எடுப்பவர் அந்த அனுமதிப்பத்திரம் பற்றிக் கேட்பதில் தவறேதுமில்லை.

படத்தில் முதலில் பார்க்க வேண்டியவை

படத்தைக் கையில் வாங்கியதும் நோயாளர் தாமே சரிபார்க்கக்கூடியவை சில உள்ளன. முதலாவது, பெயரும் வயதும் திகதியும். ஒரே பெயருடைய பலர் ஒரே நாளில் வரும் வைத்தியசாலைகளில் படம் மாறிப்போவது நடக்கக்கூடிய தவறாகும். இரண்டாவது, 'ஆர்' அல்லது 'எல்' என்ற பக்க அடையாளம். முந்தியது வலப்புறத்தையும் பிந்தியது இடப்புறத்தையும் குறிக்கும். நோயாளர் நமக்கு எதிரே நின்று நம்மைப் பார்ப்பதாகக் கொண்டே படம் வைக்கப்படுகின்றது. எனவே அவரது இடப்புறத்து இருதயம் பார்ப்பவரின் வலப்புறமாகவே தெரியும். இதைக் கண்டு இருதயம் இடம் மாறிவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை.

மூன்றாவது, படம் எடுக்கப்பட்ட முறை. நெஞ்சுப் படம் வழமையாக, நோயாளர் நின்றவாறு நெஞ்சைத் தகட்டில் பதித்து மூச்சை நன்கு உள்ளிழுத்து அடக்கிய நிலையில், முதுகுப்புறமிருந்து எடுக்கப்படும். இதனை 'பி.ஏ.' என்று குறிப்பிடுவர். எழுந்து நிற்க முடியாதவர்களுக்குக் கட்டிலில் வைத்தே முன்புறமிருந்து எடுப்பது 'ஏ.பி.' எனப்படும். இரண்டாவது முறையில் இருதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். கைவிளக்கொன்றின் அருகே நமது கையை நீட்டினால் சுவரில் விழும் நிழல் பெருப்பதைப் போன்றதே இது. மூச்சைச் சரியாக உள்ளிழுக்காவிட்டாலும் நுரையீரலின் அடிப்பகுதி நோயுற்றதுபோல் தோற்றமளிக்கும். ஆகவே ரேடியோகிராபர் மூச்சை அடக்குமாறு கூறும்போது அதனைச் செவ்வனே செய்வது மறுபடியும் படம் எடுக்கும் தேவையைத் தவிர்க்கும்.

சங்கிலி, தாலிக்கொடி, தாயத்து, கொண்டை ஊசி, தலையை மறைக்கும் துணியில் குத்தப்பட்டுள்ள ஊசிகள் என்பனவும் படத்தில் வெண்ணிழலாக விழுந்து நோயை மறைக்கக்கூடும். அவற்றைக் கழற்றுமாறு கேட்பது இதற்காகவே. உடை மாற்றுவதில் தயக்கமுள்ள பெண்கள் பெண் ஊழியர் ஒருவர் உடனிருக்க வேண்டும் எனத் தயங்காமல் கேட்கலாம். உலோகமற்ற பருத்தி உடை பல பரிசோதனைகளுக்குத் தடையாக இருப்பதில்லை.

அறிக்கையின் மொழி

அறிக்கையில் காணப்படும் சில சொற்கள் நோயாளரைக் காரணமின்றிக் கலங்கச் செய்கின்றன. 'நெகட்டிவ்' என்றால் தேடப்பட்ட நோய் காணப்படவில்லை என்பது பொருள். 'அன்ரிமார்க்கபிள்' என்றால் குறிப்பிட்டுச் சொல்லத்தக்க மாற்றம் ஏதுமில்லை. 'ஒபாசிட்டி' என்பது வெண்ணிழல் மட்டுமே. அது ஒரு நோயின் பெயரல்ல. நியூமோனியா, காசநோய், பழைய தழும்பு, கட்டி ஆகிய எதனாலும் அது தோன்றலாம். 'கார்டியோமெகலி' என்றால் இருதயத்தின் நிழல் பெருத்துக் காணப்படுகின்றது என்பதாகும். சரியாக எடுக்கப்பட்ட நெஞ்சுப் படத்தில் வளர்ந்தவர் ஒருவரின் இருதயத்தின் அகலம் நெஞ்சறையின் உள்ளகலத்தில் அரைவாசியைத் தாண்டக்கூடாது என்பதே இதற்கான பொது அளவுகோல். 'டிஜெனரேட்டிவ் சேஞ்சஸ்' என்பது மூட்டுகளிலும் முள்ளந்தண்டிலும் வயதுடன் ஏற்படும் தேய்வைக் குறிக்கும். நடுத்தர வயதைக் கடந்த பலரில், வலியே இல்லாதவர்களில்கூட, இது காணப்படும்.

அறிக்கையின் இறுதியில் வரும் 'இம்ப்ரெஷன்' என்ற பகுதியே நிபுணரின் முடிவான கருத்து. அதனுடன் 'கிளினிக்கல் கொரிலேஷன்' தேவை என்ற குறிப்பும் அடிக்கடி காணப்படும். நோயாளரின் அறிகுறிகளோடும் ஏனைய பரிசோதனைகளோடும் சேர்த்தே இப்படத்தை எடைபோட வேண்டும் என்பது இதன் பொருள். அறிக்கையை எழுதும் கதிரியல் வைத்திய நிபுணர் பெரும்பாலும் நோயாளரை நேரில் காண்பதில்லை. எனவே எங்கே வலிக்கின்றது, எத்தனை நாளாக இருமல், முன்னர் காசநோய் வந்ததா, விழுந்து அடிபட்டதா என்ற விபரங்கள் எக்ஸ்ரே கோரும் துண்டில் எழுதப்பட்டிருத்தல் அவசியம். அவை விடுபட்டிருந்தால் நோயாளர் நினைவூட்டலாம்.

அண்மைக் காலத்தில் கணினியே படத்தை வாசிக்கும் மென்பொருள்களும் வந்துள்ளன. 15 வயதும் அதற்கு மேற்பட்டவர்களிடத்தில் காசநோய் அறிகுறிகளை நெஞ்சுப் படத்தில் தேடுவதற்கு இத்தகைய மென்பொருள்களைப் பயன்படுத்தலாமென உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. சந்தேகத்துக்குரியவர்களைப் பிரித்தெடுப்பதே அங்கு மென்பொருளின் வேலை. நோயை உறுதிசெய்யச் சளிப் பரிசோதனை வேண்டும்.

எக்ஸ்ரே காட்டாதவை

'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்பது 'நோய் இல்லை' என்பதற்குச் சமமானதன்று. கையை ஊன்றி விழுந்தவரின் மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக உள்ள சிறு என்பொன்றின் முறிவு முதல் நாட்களில் படத்தில் தெரியாமற் போகலாம். வலி நீடித்தால் 10 முதல் 14 நாட்களின் பின் மீண்டும் படம் எடுப்பது வழக்கம். முள்ளந்தண்டின் இடைத்தட்டுகளும், நரம்புகளும், மூட்டின் சவ்வுகளும் சாதாரண எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. தலையில் அடிபட்டவரின் மண்டையோட்டு எக்ஸ்ரே மூளையின் இரத்தக்கசிவைக் காட்டாது. பித்தப்பைக் கற்களில் பெரும்பாலானவை எக்ஸ்ரேக்குப் புலப்படாதவை. அவற்றை அல்ட்ரா சவுண்ட் பரிசோதனையே நன்கு காட்டும்.

கடலோர மக்களுக்கு மிகவும் பழக்கமானது தொண்டையில் சிக்கும் மீன்முள். பல மீன்களின் முட்கள் எக்ஸ்ரேயில் தெரியமாட்டா. படத்தில் முள் காணப்படவில்லை என்பதற்காக, விழுங்கும்போது தொடரும் வலியை அலட்சியம் செய்தலாகாது. மறுபுறத்தில், சிறு குழந்தை விழுங்கிய நாணயமும் பொத்தான் பற்றரியும் படத்தில் ஒன்றுபோலவே வட்டமாகத் தெரியும். பற்றரியின் விளிம்பில் இரட்டை வளையம் காணப்படும் என்பதே வேறுபாடு. உணவுக்குழாயில் சிக்கிய பற்றரி இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடும் எரிகாயத்தை ஏற்படுத்தக்கூடியது. பிள்ளை பற்றரியை விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தால் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

கதிர்வீச்சு பற்றிய அச்சம்

இயற்கையில் நிலத்திலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் மனிதர் ஒவ்வொருவரும் ஆண்டொன்றுக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவேட் கதிர்வீச்சைப் பெறுகின்றனர். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றின் அளவு சுமார் 0.02 மில்லிசீவேட். அதாவது ஏறத்தாழ மூன்று நாட்களில் இயற்கையாகவே நம்மை வந்தடையும் அளவு. இடுப்பு முள்ளந்தண்டு எக்ஸ்ரே சுமார் 1 மில்லிசீவேட். இது ஐந்து மாத இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். வயிற்றுக்கான சி.ரி. ஸ்கானோ சுமார் 10 மில்லிசீவேட். நான்கு ஆண்டுகளுக்கான அளவு. கருவிக்கும் உடலமைப்புக்கும் ஏற்ப இவ்வளவுகள் வேறுபடும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு விடயங்கள் தெளிவாகின்றன. தேவையான ஓர் எக்ஸ்ரேயைக் கதிருக்கு அஞ்சி மறுப்பது அறிவுடைமையாகாது. அதேபோன்று, 'முழுவதையும் ஸ்கான் செய்து பார்த்துவிடுவோம்' எனத் தேவையின்றி சி.ரி. ஸ்கான் கோருவதும் தகாது. நமது பேச்சு வழக்கில் எல்லாமே 'ஸ்கான்' ஆகிவிட்டது. சி.ரி. ஸ்கான் எக்ஸ் கதிரைக் கொண்டே இயங்குவது. அல்ட்ரா சவுண்ட் ஒலியலையையும், எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்தையும் வானொலி அலையையும் பயன்படுத்துவன. பிந்திய இரண்டிலும் இத்தகைய கதிர்வீச்சு இல்லை.

எக்ஸ்ரே எடுத்தபின் உடலில் கதிர் எதுவும் தங்குவதில்லை. தாய்மார் உடனேயே பாலூட்டலாம். கர்ப்பமாக இருப்பவர்களும், மாதவிடாய் தள்ளிப்போயுள்ளவர்களும் முன்கூட்டியே அதனைத் தெரிவித்தல் கட்டாயமாகும். அவ்வாறு தெரிவித்தால் பரிசோதனையை ஒத்திவைப்பதா, மாற்றுவழி காண்பதா, அவசரம் கருதி எடுப்பதா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். அடிவயிற்றில் ஈயக் கவசம் அணிவிக்கப்படவில்லையே எனச் சிலர் கவலைப்படுவதுண்டு. கவசம் சில வேளைகளில் படத்தை மறைத்து, கருவி தானாகவே கதிரைக் கூட்டுவதற்கு ஏதுவாகும் என்பதால், அதனை வழமையாக அணிவிப்பதைக் கைவிடலாமென அமெரிக்க மருத்துவ பௌதிகவியலாளர் சங்கம் 2019இல் பரிந்துரைத்தது. எனவே கவசமின்மையை மாத்திரம் கொண்டு கவனக்குறைவு என முடிவுகட்ட இயலாது.

உடலில் உலோகம் சுமப்போர்

நமது நாட்டில் இதனோடு தொடர்புடைய துயரமானதொரு விடயமும் உண்டு. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற யுத்தத்தில் காயமடைந்த பலர் ஷெல் சிதறல்களை இன்னமும் தமது உடலில் சுமந்து வாழ்கின்றனர். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி குண்டுவெடிப்புகளில் உயிர்தப்பியோரிலும் அத்தகையோர் உள்ளனர். காயம் எப்போதோ ஆறிவிட்டதால் சிலர் அதனைச் சொல்ல மறந்துவிடுகின்றனர். சிலர் வீண் விசாரணைக்கு அஞ்சி மறைக்கின்றனர். எக்ஸ்ரேக்கு இதனால் தீங்கில்லை. உலோகம் பளிச்சென்ற வெண்ணிழலாகத் தெரியும், அவ்வளவே.

எம்.ஆர்.ஐ. பரிசோதனையோ முற்றிலும் வேறானது. அதன் வலிமை வாய்ந்த காந்தம் இரும்பு கலந்த சிதறலை அசைக்கவோ சூடேற்றவோ கூடும். கண்ணிலோ, முள்ளந்தண்டின் அருகிலோ, பெரிய இரத்தக்குழாயின் பக்கத்திலோ சிதறல் இருக்குமாயின் பார்வை இழப்பு, உயிராபத்து என்பனவும் நேரலாம். எனவே உடலில் உலோகச் சிதறல் இருப்பதாகச் சந்தேகிப்போர் அதனை வைத்தியருக்கும் எம்.ஆர்.ஐ. பிரிவினருக்கும் ஒளிக்காமல் கூற வேண்டும். சிதறல் எங்கே உள்ளது என்பதைக் காட்டும் பழைய எக்ஸ்ரே இவ்வேளையில் பேருதவி புரியும். அத்தகைய படம் இல்லையெனில் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பான வழி.

படத்தைப் பேணுதல்

ஒரு படத்தின் முழுப் பெறுமதியும் இன்னொரு படத்துடன் ஒப்பிடும்போதே வெளிப்படுகின்றது. நுரையீரலில் இன்று காணப்படும் சிறு வெண்புள்ளி ஐந்தாண்டுகளுக்கு முன்னரும் அதே அளவில் இருந்ததாயின் அது பெரும்பாலும் பழைய தழும்பே. முன்னர் இல்லாதிருந்து இப்போது தோன்றியிருந்தால் தாமதமின்றி ஆராயப்பட வேண்டும். பழைய படம் தொலைந்துவிட்டால் இந்த வேறுபாட்டை அறிய வழியில்லை. மேலதிகப் பரிசோதனை, மேலதிகக் கதிர், மேலதிகச் செலவு என்பனவே மிஞ்சும்.

ஆகவே ஒவ்வொரு பரிசோதனையின் பின்னரும் படத்தையும் அறிக்கையையும் கேட்டுப் பெறுதல் நன்று. இறுவட்டில் தரப்பட்டால் அதில் 'டைகொம்' வடிவிலான மூலப்படம் உள்ளதா எனக் கேட்டறியலாம். திரையைக் கையடக்கத் தொலைபேசியால் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவது அவசரத்துக்கு உதவலாம். ஆனால் மூலப்படத்தின் ஆயிரக்கணக்கான படிநிலைகளில் பெரும்பகுதி அதில் இழக்கப்பட்டுவிடுகின்றது. நுண்ணிய முறிவையோ மெல்லிய நிழலையோ அத்தகைய நகலில் தேடுவது நம்பத்தக்கதன்று. பெயரும் வயதும் தெரியும்படி படத்தைச் சமூக வலைத்தளங்களில் இட்டு அபிப்பிராயம் கேட்பதும் தவிர்க்கப்பட வேண்டியதே.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் முதல் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாகும். மருத்துவ அறிக்கைகள் அனைத்தையும் தமிழில் எழுதுவது இன்றைய நிலையில் எளிதன்று என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அறிக்கையின் முடிவை மட்டுமாவது இரண்டு வரிகளில் நோயாளரின் மொழியில் கிளினிக் கொப்பியில் எழுதிக்கொடுப்பது பெரும் பொருட்செலவைக் கோரும் காரியமல்ல. சுகாதாரத் துறையினர் இதனைக் கருத்திற்கொள்வார்களாக.

அதுவரையில் நோயாளர் தம் பங்குக்கு வைத்தியரிடம் மூன்று கேள்விகளையேனும் கேட்கலாம். இப்படத்தில் என்ன தெரிகின்றது? தெரியாமல் இருக்கக்கூடியது எது? அடுத்து எப்போது, எதற்காக வர வேண்டும்? இம்மூன்றுக்கும் விடை பெறாமல் உறையை மூடி வீடு திரும்பலாகாது.